காகத்துக்காக அடைத்த புகைபோக்கி

காஸ் தட்டுப்பாட்டு நாள்களில், வெள்ளவத்தையில் எங்கள் பழைய வீட்டு விறகடுப்பைத் திரும்ப மூட்டினோம். காயப்போட்ட உடுப்பெல்லாம் புகை மணக்கிறதென்று பக்கத்து வீட்டார் சத்தம் போட்டார்கள். ரோசத்தில் நான் சிரட்டைக்கரிக்கு மாறி, குசினி ஜன்னலையும் இறுக்கிச் சாத்தினேன். காகம் கூடு கட்டுகிறதென்று புகைபோக்கியை முன்னொருநாள் நாங்களே தகரத்தால் அடைத்தது நினைவுக்கு வரவேயில்லை.

சமைத்துக்கொண்டிருந்த தங்கச்சி, "அக்கா, தலை இடிக்குது, வயித்தைப் பிரட்டிச் சத்தி வருமாப்போல கிடக்கு" என்றாள்.

"கரியில புகையே இல்லையே! தலையிடிக் குளிசையைப் போட்டிட்டு அதிலயே இரு, சோறு கரிஞ்சிடும்" என்றுவிட்டுக் கடைக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது அடுப்படியில் விழுந்து கிடந்தாள். கரியின் நச்சுவாயு என்றார் டாக்டர். அவள் பிறகு கண் திறக்கவேயில்லை.

இப்போது வருடாவருடம் கூரையில் ஆள் ஏற்றிப் புகைபோக்கியைப் பார்ப்பிக்கிறேன். அடுப்படியில் யாருக்குத் தலை இடித்தாலும் உடனே வெளியே இழுத்து வருகிறேன். அவளை மட்டும் இருக்கச் சொன்னேன்.