வட்டக் கொலனியின் பின்சுவர்

காலை ஏழு மணிக்கு ஒலுவில் சந்தியில் பொத்துவில் பஸ்ஸில் ஏறினேன். கடல் அரித்த கரைச் சனத்துக்குக் கட்டிக்கொடுத்த வட்டக் கொலனிக்கு என் மூத்த சகோதரி ராத்தா குடிபோய் ஒரு வருடம் கழிந்தும் நான் போய்ப் பார்க்கவில்லை. இப்போதும் பார்ப்பதற்கு மட்டும் போகவில்லை. ராத்தாவின் பக்கத்து வீடு காலியாக இருக்கிறது. எங்களை அதற்கு வரச்சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தாள். வரமாட்டோம் என்று நேரில் சொல்லவே போனேன். டெலிபோனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எங்கள் உம்மா தன் வளவுக் காணியை இரண்டாகப் பிரித்து, கடல் பக்கம் ராத்தாவுக்கும் ரோட்டுப் பக்கம் எனக்கும் வீடு கட்டித் தந்தார். இந்தக் கரையில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கரை அரிபட்டு ராத்தாவின் வீடு போனது. என் வீடு நிற்கிறது. ஆனால் மகளுக்குக் கலியாணம் முடித்தபோதே அதை அவள் பெயருக்கு எழுதிவிட்டேன். அந்த வீட்டையும் வளவையும் விட்டுக்கொடுத்தால்தான் கொலனியில் வீடு கிடைக்கும். மகள் ஒரே சொல்லாகச் சொல்லிவிட்டாள்: "புள்ளையள்ற பள்ளிக்கூடம், இவர்ர கடை எல்லாம் இஞ்ச. நாங்க வரல்ல உம்மா."

அக்கரைப்பற்று தாண்டியதும் சனம் குறைந்தது. கண்டக்டர் பொடியன் டிக்கட் கிழித்துக்கொண்டே, "எங்க உம்மா, அறுகம்பைக்கா? அலையில சறுக்கப் போறயளா?" என்றான். பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் முக்காட்டை இழுத்துக்கொண்டு, வட்டக் கொலனிக்கு என்றேன்.

"அங்கயா? வீட்டு நம்பர நல்லா வெச்சிக்கங்க. எல்லா வீடும் ஒரு முகம். போன கிழமை ஒராள் அடுத்த வீட்டுக்குள்ள போய்ச் சோறு கேட்டிரிக்கார்."

திருக்கோவில், கோமாரி என்று கடலும் வயலும் மாறி மாறி வந்தன. ஒன்பது மணியளவில் பொத்துவிலில் இறங்கினேன். அங்கிருந்து உள்ளே ஆறு கிலோமீற்றர். ஓட்டோவுக்கு அறுநூறு ரூபாய்.

குறை சொல்ல மாட்டேன், அழகான இடம். வண்டிச் சில்லை நிலத்தில் படுக்கப் போட்டதுபோல ஒரு ஊர். நடுவில் பள்ளிவாசல், பள்ளிக்கூடம், மருந்தகம். சுற்றிவர ஒரே வளையமாக வீடுகள். ஏழை, பணக்காரன், எவருக்கும் பள்ளிவாசல் ஒரே தூரம். குழாயில் தண்ணீர் நிற்காமல் வருகிறது. வெயில் சுவரில் படாதபடி மரம் வைத்திருக்கிறார்கள். தெருவில்தான் ஒரு பெண்ணைக்கூடக் காணவில்லை.

ராத்தா ஸலாம் சொன்ன கையோடு என்னை வீட்டுக்குள் இருத்தாமல் பின்பக்கம் கூட்டிப்போனாள். பக்கத்து வீட்டுக்கும் அவளுக்கும் பொதுவான சுவரில் ஓர் ஆள் நுழையும் அகலத்துக்கு உடைத்து, ஓரத்துக்குச் சீமெந்து பூசியிருந்தது. அப்பால் காலி வீட்டுக் குசினிப் படி. அதையும் கூட்டிக் கழுவி வைத்திருந்தாள்.

"மேசன்ட்டச் சொல்லி உடைச்ச. உனக்குத்தான். றோட்டால சுத்தி வாற ஆளா நீ?"

எங்கள் ஊரில் பின்வேலியில் இப்படி ஒரு வழி விடுவோம். கடப்பு என்போம். கறி போவதும் கதை போவதும் அதால்தான். தெருவில் கால் வைக்காமலே நாலு வீடு போய்வரலாம். என் வயதுக்கு நான் தெருவில் நடந்ததைவிடக் கடப்பால் நடந்ததுதான் கூட. அந்த இடத்தில் நின்று, நான் கொண்டுவந்த சொல்லைச் சொல்ல முடியவில்லை.

பத்தரை மணிக்குக் கொலனி நிர்வாகக் கந்தோரிலிருந்து நஸ்லியா என்ற பிள்ளை வந்தாள். இந்த ஊரின் படத்தைக் கம்பியூட்டரில் கீறியவள் அவள்தான். சுவர் உடைந்த செய்தி யாரோ சொல்லிப் போயிருக்கிறது.

"ஆரக் கேட்டு மாமி உடைச்ச?"

"ஆரக் கேக்க? என்ட சுவர்."

"பாதிதான் உங்கட. மத்தப் பாதி அந்த வீட்டுட."

"அந்த வீட்டுக்காரி இந்தா நிக்கிறா," என்று ராத்தா என்னைக் காட்டினாள்.

நஸ்லியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தேத்தண்ணி குடித்துக்கொண்டு தன் டெப் திரையில் ஊரைக் காட்டினாள். விரலால் தொட்டதும் கூரைகள் எழும்பின, வீடுகளுக்குள் பின்னேர அசர் நேரத்து வெயில் விழுந்தது. வட்டமாகக் கீறும் எண்ணம் பழைய பக்தாதிலிருந்து வந்ததாம். அங்கே ஒரு கலீபா, கட்டப்போகும் நகரத்தை முதலில் நிலத்தில் சாம்பலால் கீறுவித்து, கோட்டின் மேல் பருத்திக்கொட்டையை வைத்து நெருப்பு மூட்டிப் பார்த்தாராம். அந்த வட்டத்தில் இன்று ஒரு கல்லும் மிச்சமில்லையாம். பிறகும் எத்தனையோ நாட்டில் எத்தனையோ பேர் குறையே இல்லாத ஊர் கீறினார்கள், அநேகம் கடதாசியோடு நின்றுவிட்டது என்றாள். "இப்ப கம்பியூட்டர்ட்டச் சொன்னா அதுவே ஆயிரம் ஊர் கீறித் தரும் மாமி. கீற முதல் நான் பொம்புளையளிட்டத் தனியாக் கேட்டன். குசினிக்கு டைல், உசரத்தில தட்டு எண்டெல்லாம் சொன்னீங்க. கடப்பு எண்டு ஒராளும் வாயத் திறக்கல்லயே."

"அதையும் கேக்கணுமெண்டு ஆருக்குத் தெரியும்? வேலி எண்டா இரிக்கும்தானே," என்றாள் ராத்தா.

நஸ்லியா ஒரு தட்டுத் தட்டினாள். எல்லா வீட்டுப் பின்சுவரிலும் கடப்பு வந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவளே அழித்தாள். "குலுக்கல்ல வீடெடுத்த ஆக்கள். பக்கத்தில ஆரெண்டே தெரியாம ஆர் திறந்து வைக்கிற?" ராத்தாவுடையதை மட்டும் விட்டு, அதற்கொரு சின்னக் கதவும் போட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்க வந்தா இதுக்கு அனுமதி எடுத்துத் தாறன் மாமி. வராட்டி அடைக்கத்தான் வேணும். வாறயளா?"

நான் வெறுங் கோப்பைகளை எடுத்து அடுக்கினேன்.

"வருவா," என்றாள் ராத்தா. "இவ வாய் திறக்க நாள் புடிக்கும்."

பகல் அறக்குளா மீன் ஆணமும் சோறும். மூன்றரைக்கு ஓட்டோவுக்காக வாசலில் நின்றபோதுதான் சொன்னேன். மகள் வரமாட்டாள், அவள் வராமல் எனக்கு மட்டும் வீடு தரமாட்டார்கள் என்றேன்.

"ஒரு கைப்பையோட தனிய வந்து இறங்கக்குள்ளயே விளங்கிச்சி," என்றாள் ராத்தா. "நஸ்லியாக்கு நீ ஒண்டும் சொல்லாத. நானே சொல்லுறன், நாள் எடுத்து. கதவெல்லாம் போட்டு வடிவாக் கீறி வெச்சிரிக்கி புள்ள. அது கொஞ்ச நாளைக்கு இரிக்கட்டும்."

எங்கள் ஊரில் கடல் வேலியடிக்கு வந்துகொண்டிருக்கிறது. வட்டக் கொலனிக்குக் கடல் ஒருநாளும் வராது. பொத்துவில் பக்கம் போகிறவர்கள் அதையும் பார்த்துவிட்டு வாருங்கள், பார்க்க வேண்டிய இடம்தான். ராத்தா வீட்டுக்கும் போங்கள், ஆள் வந்தால் தேத்தண்ணி தராமல் விடமாட்டாள். முன்வாசலால் போங்கள். நீங்கள் போகும்போது பின்பக்கம் அடைத்திருப்பார்கள்.