வேலை நாட்களில் மட்டும் கேட்ட குரல்

என் மனைவியின் காரியம் முடிந்த அன்றே, நாயை என்ன செய்யப்போகிறாய் என்று அக்கா கேட்டாள். அவள் கேட்டதில் தவறில்லை. சொட்டுநீர்க் குழாய் விற்கும் ஒரு நிறுவனத்தில் நான் சர்வீஸ் பார்க்கிறவன். காலையில் தேனியை விட்டுக் கிளம்பினால் சின்னமனூர், கம்பம், கூடலூர் என்று தோட்டம் தோட்டமாகப் போய், அடைத்துக்கொண்ட ஃபில்டர்களையும் பழுதான வால்வுகளையும் சரிசெய்துவிட்டு இருட்டும் நேரத்துக்குத்தான் வீடு திரும்புவேன். பகல் முழுக்கப் பூட்டிய வீட்டில் ஒரு நாய் தனியாகக் கிடக்க வேண்டும்.

நாய் அவளுடையது. மழை நாளொன்றில் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது சாக்கடை ஓரத்தில் நடுங்கிக்கொண்டிருந்ததைத் துப்பட்டாவில் சுற்றித் தூக்கிவந்தாள். செம்பழுப்பு நிற நாட்டு நாய். முழுதாக வளர்ந்த பிறகும் அதற்குக் குட்டி என்பதைத் தவிர வேறு பெயர் வைக்கவில்லை. அதனிடம் பேசும்போது என்னை அப்பா என்பாள். அவள் தனியார் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர். ஒரு நாள் வகுப்பில் தலை வலிக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தவள், மதுரைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே நினைவிழந்து, மறுநாள் இல்லாமல் போனாள். மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள்.

காரியமெல்லாம் சின்னமனூரில் அக்கா வீட்டில்தான் நடந்தது. தேனி அல்லிநகரத்தில் இருந்த எங்கள் வாடகை வீட்டைப் பூட்டிவிட்டு, நாயையும் கூட்டிக்கொண்டு அங்கேயே சில வாரங்கள் இருந்தேன். அங்கே அது சாப்பிட்டது, தூங்கியது, அக்காவின் பிள்ளைகளோடு விளையாடவும் செய்தது. ஆனால் மதியமானால் படுத்திருந்த இடத்திலிருந்து விருட்டென்று எழுந்துவிடும். காதை நிமிர்த்திக்கொண்டு அடுப்படி வரைக்கும் போகும். அங்கே நின்று சுற்றிப் பார்த்துவிட்டு வாலைத் தொங்கவிட்டபடி திரும்பும்.

"யாரோ கூப்புட்ட மாதிரியே எந்திரிச்சுப் போகுதுடா. எனக்கு ஒரு மாதிரி இருக்கு" என்றாள் அக்கா.

பசியாக இருக்கும் என்று சொல்லி வைத்தேன்.

வேலைக்குத் திரும்பியபோது நாயைத் தன்னிடமே விட்டுவிடும்படி அக்கா சொன்னாள். எனக்கு மனம் வரவில்லை; அதையும் கூட்டிக்கொண்டு அல்லிநகரத்துக்கே திரும்பினேன். காலையும் இரவும் நானே சோறு வைப்பது, கிளம்பும் முன் ஒரு சுற்று நடத்திக் கூட்டிவருவது, பின்கட்டுக் கதவில் அது வெளியே போய் வர ஒரு திறப்பு என்று ஒருமாதிரி ஏற்பாடு செய்துகொண்டேன். தனியாக விட்டுப்போன நாய் சோபாவைக் கிழிக்கும், நாள் முழுக்கக் குரைக்கும் என்றெல்லாம் கூட வேலை பார்ப்பவர்கள் பயமுறுத்தியிருந்தார்கள். குட்டி எதையும் கிழிக்கவில்லை. மாலையில் நான் கதவைத் திறக்கும்போது வாசலுக்கு நேரே படுத்திருக்கும். எழுந்து வந்து குதிக்கும். அந்த வரவேற்பில் ஏக்கம் எதுவும் தெரியவில்லை. நான் வந்துவிடுவேன் என்று யாரோ முன்கூட்டியே சொல்லி வைத்தது போன்ற ஒரு நிம்மதி அதன் முகத்தில் இருந்தது. அப்போது எனக்கு அது சந்தோஷமாகவே இருந்தது.

ஒரு மாலை கேட்டைத் திறக்கும்போது அதில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தது. வாசற்படியில் யாரோ கற்பூரம் கொளுத்திய கறுப்பு வட்டம். ஏதோ கோயில் விசேஷம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மாடியில் குடியிருக்கும் வீட்டுக்காரம்மா படியில் நின்றுகொண்டிருந்தார்.

"தம்பி, தப்பா நெனைக்காதீக. வீட்டுல விருந்தாளி யாரும் வந்துருக்காகளா?"

"இல்லக்கா. ஏன்?"

"மதியத்துல பொம்பளைக் குரல் கேக்குது."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. மனைவி போய் நாலு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் தெரு இப்படிப் பேச ஆரம்பித்துவிட்டதா என்று நினைத்தேன். அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவர் அவசரமாகக் கையை ஆட்டினார்.

"அய்யோ, அப்படிச் சொல்லல தம்பி. அது நம்ம டீச்சர் குரல்தான். அவுக இருந்தப்பயும் தினம் மதியம் கேக்கும். பள்ளிக்கூடத்துல இருந்து சாப்புட வந்துட்டுப் போறாகன்னு நெனைச்சுக்குவேன்."

"அவ மதியம் வீட்டுக்கே வரமாட்டாளேக்கா. சோத்து டப்பா கட்டிக்கிட்டுப் போவா."

அந்த அம்மாள் ஒரு படி இறங்கி வந்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நீங்க சின்னமனூர்ல இருந்தப்ப வீடு பூட்டித்தான கெடந்துச்சு? அப்பயும் கேட்டுச்சு. சனி ஞாயிறு மட்டும் கேக்காது. என் மக மாசமா இருக்கா தம்பி. அதான் கற்பூரம் கொளுத்தி வச்சேன்."

அன்று வீட்டுக்குள் போனதும் எல்லா விளக்குகளையும் போட்டேன். அறைகள் அப்படியே இருந்தன. அவள் பீரோ பூட்டியிருந்தது. குட்டி என் காலை உரசிக்கொண்டே கூட வந்தது. இருக்கிற விளக்கை எல்லாம் எதற்குப் போடுகிறாய் என்பது போல என்னைப் பார்த்தது. எனக்கு இந்த மாதிரி விஷயங்களில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் சனி ஞாயிறு விடுமுறை எடுத்துக்கொண்டு மற்ற நாளெல்லாம் வரும் ஒன்றைப் பற்றி நினைத்தபோது, அவள்தான் அப்படி ஒழுங்காக வருவாள் என்றும் தோன்றியது. அந்த எண்ணம் வந்தபின் அன்றிரவு விளக்கை அணைக்கவில்லை.

மறுநாளே தேனியில் ஒரு சிறிய கேமரா வாங்கி ஹாலில் மாட்டினேன். வீட்டில் நடப்பதைக் கைபேசியில் பார்க்கலாம், கேட்கலாம். அதற்கடுத்த நாள் கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் வேலை. ஃபில்டரைக் கழற்றிக் கழுவ வைத்துவிட்டு, பந்தல் நிழலில் தோட்டக்காரரோடு உட்கார்ந்திருந்தேன். மேலே இலைகளுக்கு நடுவே காய்கள் பச்சையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. கைபேசியைத் திறந்தேன்.

ஹால் தெரிந்தது. குட்டி சோபாவுக்குக் கீழே ஒருக்களித்துப் படுத்திருந்தது. மின்விசிறி சுற்றாததால் படத்தில் எதுவுமே அசையவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். திடீரென்று அதன் காதுகள் நிமிர்ந்தன. தலையைத் தூக்கி அடுப்படிப் பக்கம் பார்த்தது. வால் மெதுவாகத் தரையில் தட்ட ஆரம்பித்தது. அப்புறம் என் கையிலிருந்த கைபேசியிலிருந்து என் மனைவி பேசினாள்.

"குட்டி... ஏலே குட்டி, வா, சாப்புட வா. அப்பா சாயங்காலம் வந்துருவாக."

நாய் துள்ளி எழுந்து அடுப்படிக்குள் ஓடி மறைந்தது. ஹால் காலியாகக் கிடந்தது.

தோட்டக்காரர் சிரித்தபடி எட்டிப் பார்த்தார். "வீட்டுல இருந்தா? சாப்புடக் கூப்புடுறாக போல."

"ஆமா" என்றேன்.

அந்த ஃபில்டரை எப்படி மாட்டினேன் என்று நினைவில்லை. உத்தமபாளையம் தாண்டும் வரை பைக்கில் என் முதுகுக்குப் பின்னால் பாரம் இருப்பது போலவே இருந்தது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். அது பட்டப்பகல். சாலையின் இருபுறமும் வாழைத் தோட்டங்களில் ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அப்படியும் பயமாக இருந்தது. பயத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. வீட்டுக்குப் போய்க் கதவைத் திறந்தால் அவள் இருந்துவிடக்கூடாதா என்ற ஆசை.

வீட்டில் குட்டி மட்டும்தான் இருந்தது. நேரத்தோடு வந்துவிட்ட என்னைப் பார்த்து அதற்கு ஒரே குதூகலம். கேமராவில் பதிவானதை மறுபடி ஓட்டிக் கேட்டேன். அவள் குரலை முதல் முறை கேட்கும்போது அழுதேன். அப்புறம் திரும்பத் திரும்பக் கேட்டதில், குரலுக்கு முன்னால் கரகரவென்று மெல்லிய ஓசை ஒன்று இருப்பது காதில் விழுந்தது. என் தொழிலில் அந்தச் சத்தத்தைத் தினம் கேட்கிறேன். சுமை எதுவும் இல்லாமல் வெறுமனே சுற்றும் சின்ன மோட்டாரின் சத்தம்.

அடுப்படி மூலையில், அரிசி டிரம்முக்குப் பின்னால் அது நின்றது. நேரம் குறித்து வைத்தால் தானாகத் தீனி போடும் பெட்டி. நாங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோமே, மதியம் குட்டி பட்டினி கிடக்கிறதே என்று அவள் ஆன்லைனில் வாங்கியது. நான் ஊர் சுற்றிக்கொண்டிருந்த ஒரு நாளில் அவளே பொருத்தி, வேலை நாட்களுக்கு மட்டும் நேரம் குறித்திருந்தாள். அதில் குரல் பதிந்துவைக்கலாம் என்பதே எனக்குத் தெரியாது. சின்னமனூரிலிருந்து திரும்பியபோது எறும்பு மொய்க்கிறது என்று மிச்சத் தீனியைக் கொட்டிக் கழுவி, வயரைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டேன். கரண்ட் போனாலும் ஓடட்டும் என்று அதன் அடியில் தடித்த பேட்டரிகள் போட்டிருந்ததை நான் பார்க்கவில்லை.

ஆக, இத்தனை மாதமும் அவள் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நாய் ஓடிப் போய்க் காலித் தட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறது. மறுநாளும் ஓடியிருக்கிறது.

வீட்டுக்காரம்மாவை அழைத்துப் பெட்டியைக் காட்டி விளக்கினேன். நெஞ்சில் கைவைத்து உட்கார்ந்தவர், கொஞ்ச நேரத்தில் சிரித்துவிட்டார். மகளுக்காகப் பேட்டரிகளைக் கழற்றிவிடுகிறேன் என்றேன். அவர் கண் முன்னாலேயே கழற்றினேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. மறுநாள் கூடலூரிலிருந்து பார்த்தபோது, அதே நேரத்துக்குக் குட்டி எழுந்து அடுப்படி வாசலில் போய் நின்றது. தலையைச் சாய்த்துக் காத்திருந்தது. சத்தம் வரவில்லை. திரும்பி வந்து படுக்காமல் உள்ளே போனது. சிறிது நேரத்தில் ஊளைச் சத்தம் கேட்டது. மாலையில் அது வாசலுக்கு வரவில்லை. பெட்டியின் முன்னால் படுத்திருந்தது. இரவில் சோறு வைத்தேன், முகர்ந்து பார்த்ததோடு சரி. இப்படியே நாட்கள் போயின. விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது.

பெட்டியில் என் குரலைப் பதிந்து பார்க்கலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். புதிதாகப் பதிந்தால் பழையது அழிந்துவிடும் என்று கையேட்டில் போட்டிருந்தது. கட்டைவிரலைப் பொத்தான் மேல் வைத்தேன். அழுத்த முடியவில்லை.

மறுநாள் காலை மாடிப்படியிலிருந்து வீட்டுக்காரம்மாவே கூப்பிட்டார். "தம்பி, அந்த நாய் அழுகுறத கேக்க முடியல. எம் மகளே சொல்லிட்டா. டீச்சர் கூப்புட்டா கூப்புட்டுட்டுப் போகட்டும். எதுல இருந்து வருதுன்னுதான் தெரிஞ்சுபோச்சே, பெறகு என்ன?"

புதுப் பேட்டரிகள் போட்டேன். இந்தத் தடவை தீனியையும் நிரப்பினேன். வேலை நாட்களில் மதியம் அவள் கூப்பிடுகிறாள், தட்டில் தீனி விழுகிறது, குட்டி சாப்பிடுகிறது. உடம்பு தேறிவிட்டது. நான் தோட்டங்களில் இருக்கும்போது கேமராவை அந்த நேரத்துக்குத் திறப்பதில்லை.

போன மழைக்காலத்தில் வெள்ளிக்கிழமை ஒன்றில் மலைப்பாதையில் மண் சரிந்து, கூடலூரைத் தாண்டி மேலே போக வேண்டிய வேலை நின்றுபோனது. அவள் கூப்பிடும் நேரத்தில் நான் வீட்டில் இருந்தது அதுதான் முதல் முறை. அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். குட்டி என் காலடியில் கிடந்தது. பெட்டி கரகரத்தது. நேரில் கேட்டபோது, அவள் குரலுக்கு நடுவில் எங்கள் தெருவில் போகும் காய்கறி வண்டியின் மணிச்சத்தம்கூட இருந்தது.

"அப்பா சாயங்காலம் வந்துருவாக" என்றாள்.

நாய் தட்டைக் காலி செய்தது. பிறகு என்னைத் தாண்டி ஹாலுக்குப் போய், முன்வாசலுக்கு நேராகப் படுத்து, மூடிய கதவைப் பார்க்க ஆரம்பித்தது.

"குட்டி, நான் இங்கனதான்டா இருக்கேன்" என்றேன்.

காது மட்டும் அசைந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்து தலையைத் தடவினேன். என் கைக்குக் கீழே அதன் உடம்பு விறைத்து, கதவையே கவனித்துக்கொண்டிருந்தது. வரவேண்டிய ஆள் நானில்லை என்பது போல. சற்று நேரத்தில் எனக்கும் அந்தக் கதவைப் பார்க்கத் தோன்றியது. யாரோ இன்னும் வந்து சேரவில்லை என்ற எண்ணம் அந்த வீடு முழுக்கப் பரவியிருந்தது. அதற்கு மேல் என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

பின்கட்டு வழியாக வெளியே போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. சுவரை ஒட்டிச் சுற்றி வந்து, கேட்டைச் சத்தமாகத் திறந்து மூடி, சாவியைப் போட்டு முன்கதவைத் திறந்தேன்.

குட்டி என் மேல் பாய்ந்து, நனைந்த சட்டையை நக்கி, வட்டமடித்து, குரைத்து, மறுபடி பாய்ந்தது.

"வந்துட்டேன்டா" என்றேன்.