முனீஸ்வரன் கோயில் வாசலில் ஒரு ஜப்பான் டாங்கி

போன மாதம் ஒரு டாங்கிக்குப் பூசணிக்காய் உடைத்தார்கள். என்னையும் அழைத்திருந்தார்கள்.

ஆமாம், டாங்கிக்குத்தான். போரில் ஓடுமே, அதே டாங்கி.

லிங்கி பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டம். பெயரைச் சொன்னால் எனக்குத்தான் வம்பு. அங்கே இருந்த நம் ஆட்கள் எப்போதோ சிரம்பான் டவுனில் தாமான் குடியிருப்புகளுக்கு வந்துவிட்டார்கள். லயத்து வீடுகளை இடித்தாயிற்று, ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டாயிற்று. மிச்சம் இருப்பது முனீஸ்வரன் கோயில் ஒன்றுதான். வருஷத்துக்கு ஒரு தடவை திருவிழாவுக்கு எல்லாரும் காரில் போய் இறங்குவார்கள். அப்படிப் போன இடத்தில், பழைய ரப்பர் ஸ்டோருக்குப் பின்னால் கொடி மண்டிக் கிடந்த ஒரு பச்சை நிற வண்டியைக் கோயில் குழு கண்டுபிடித்தது. ஜப்பான்காரன் விட்டுப்போன டாங்கி என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. முடிவெடுக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்கிறீர்கள்? அன்னதானப் பந்தி எழுந்திருப்பதற்குள்.

குழுத் தலைவர் மாணிக்கம் சுறுசுறுப்பான மனிதர். கோயில் கழிவறைக்குக் கதவு போட ஐந்தாறு வருஷமாக யோசித்துக்கொண்டிருப்பவர், டாங்கி விஷயத்தில் யோசிக்கவே இல்லை. கோயில் வாசலில் தூங்குமூஞ்சி மரத்தடியில் சிமெண்டுத் தளம் போட்டார். மேலே கூரை போட்டார். டிராக்டர் வைத்து இழுத்து வந்து நிறுத்தி, 'உலகப் போர் நினைவுச் சின்னம்' என்று பலகையும் மாட்டிவிட்டார். திறப்பு விழாவில் மாலை, சந்தனம், கற்பூரம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம்... ஒரு குறையும் வைக்கவில்லை. புது மோட்டார் வண்டி வாங்கினால் என்னென்ன செய்வோமோ அத்தனையும் செய்தார்கள்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதையும் தட்டிப் பார்ப்பேன். பீரங்கிக் குழாயைத் தட்டினேன். 'டொக்' என்றது. வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் போகிற பி.வி.சி. குழாய்! பட்டைச் சங்கிலிக்குள் குனிந்து பார்த்தேன். உள்ளே லாரி டயர். சங்கிலியே ரப்பர் ஷீட்டை வெட்டி ஒட்டியது.

அதுகூடப் போகட்டும். மேல்மூடியைத் தூக்கி எட்டிப் பார்த்தால், ஓட்டுபவர் கண்ணுக்கு நேரே, தகரத்தில் ஒரு சூலம். அதன் பக்கத்தில் ஓம். கீழே வெள்ளைப் பெயிண்டில் திருநீற்றுப் பட்டை, நடுவில் சிவப்புப் பொட்டு.

தலைவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். மனிதர் அசரவில்லை.

"நம்ம ஆளுங்கள புடிச்சு ஓட்ட விட்டிருப்பான் சார். அவங்க எழுதினதுதான்லா."

கேட்டீர்களா? ஜப்பான் ராணுவம் தன் டாங்கியின் சாவியை நம் தோட்டத்து ஆளிடம் கொடுத்து, சாமி கும்பிட்டுவிட்டு மெதுவாக ஓட்டிக்கொண்டு வா என்று சொல்லி அனுப்பியதாம். அந்த ராணுவத்தில் ஏகப்பட்ட பேர் இந்த நாட்டுக்குள் வந்ததே சைக்கிளில். அது இவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் உத்தேசமும் இல்லை.

சிரித்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு நான் பாட்டுக்குக் கிளம்பியிருப்பேன். பார்வதி அக்கா வழிமறித்தார்.

அக்கா சிரம்பான் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதே தோட்டத்தில் பிறந்தவர். ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போட நம் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள் அல்லவா? அந்தத் தோட்டத்து ஆண்களை லாரியில் ஏற்றியது இந்தத் தூங்குமூஞ்சி மரத்தடியில்தான். அக்காவின் தாத்தாவும் ஏறினார். திரும்பி வரவில்லை. யார் யார் போனார்கள் என்று அக்கா வீடு வீடாகப் போய் விசாரித்து, அத்தனை பெயரையும் மனப்பாடமாக வைத்திருக்கிறார். அந்த மரத்தடியில் ஒரு கல் நட்டு அதில் அந்தப் பெயர்களை எழுத வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. வருஷா வருஷம் கேட்டார். வருஷா வருஷம் தலைவர் ஒரே பதிலைச் சொன்னார். கோயில் வாசலில் செத்தவர்கள் பெயரை வைத்தால் தீட்டு.

செத்தவன் பெயர் தீட்டு. கொன்றவன் வண்டிக்கு மட்டும் சந்தனப் பொட்டு. என்ன சாஸ்திரமோ!

"எங்க தாத்தாவ ஏத்துன எடம் தம்பி இது. ஏத்துனவன் வண்டிக்கு மாலை போட்டு வெச்சிருக்காங்க. நான் இனிமே எப்படி இங்க வந்து சாமி கும்புடுவேன்?" என்றார் அக்கா.

எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்தும் தணியவில்லை. இந்த டாங்கியின் பூர்வீகத்தைக் கண்டுபிடித்துத் தலைவரின் முகத்தில் கரி பூசாமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

ரொம்ப அலைய வேண்டியிருக்கவில்லை. நான் போனில் எடுத்திருந்த சூலப் படத்தை, லாரி வைத்திருக்கும் நண்பர் ஒருவர் பார்த்தார். தன்னுடைய லாரிக்குள்ளும் அதே சூலம்தான் இருக்கிறது என்றார். கெமாஸில் ஒரு பட்டறை. அங்கே பாடி கட்டுகிற எந்த வண்டிக்கும் சூலமும் ஓமும் போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்காமல் கேட்டைத் தாண்ட விடமாட்டார்களாம்.

கெமாஸுக்குப் போனேன். பட்டறை முதலாளி ஜீவாவுக்குப் படத்தைப் பார்த்ததும் முகமெல்லாம் பல். அவர் செய்ததேதான். சில வருஷங்களுக்கு முன்னால் வெளிநாட்டுக்காரர்கள் வந்து, செம்பனைக்குள் ஒரு போர்ப் படம் எடுத்தார்களாம். பழைய லாரிகளின் மேல் பிளைவுட்டும் தகரமும் அடித்து டாங்கிகள் செய்து தரும் வேலை இவருக்குக் கிடைத்திருக்கிறது. ஆள் ஏதோ நாட்டுக்கே ஆயுதம் செய்து கொடுத்தவர் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பேசினார். டைரக்டர் இவர் கையைப் பிடித்துக் கண்கலங்கினாராம். நான் மறுத்துப் பேசவில்லை, வந்த வேலை ஆக வேண்டுமே.

சூலம் எப்படி வந்தது என்று கேட்டேன். ஜப்பான் டாங்கியில் இதெல்லாம் கூடாது என்று படக்காரர்கள் கத்தியிருக்கிறார்கள். பட்டறை டிரைவர்கள் பொட்டு வைக்காத வண்டியில் ஏறமாட்டோம் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார்கள். குண்டு வைத்துத் தகர்க்கப்போகிற வண்டி என்று தெரிந்தும்! கடைசியில் கேமரா பார்க்காத இடத்தில், உள்பக்கமாக எழுதிக்கொள்ள அனுமதி கிடைத்ததாம். மற்ற டாங்கிகளைப் படத்துக்காகவே கொளுத்திவிட்டார்கள். லிங்கி பக்கம் படப்பிடிப்பில் எஞ்சின் போன இந்த ஒன்றை மட்டும் அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். நம் ஆட்கள் அதற்கு முன்பே தோட்டத்தைக் காலி செய்துவிட்டதால், அதைப் பற்றி யாருக்கும் தெரியவில்லை.

அந்தப் படத்தையும் தேடிப் பிடித்துப் பார்த்தேன். ஒரு வெள்ளைக்கார வீரர் படம் முழுக்க வியர்த்துக்கொண்டே காதலியை நினைத்துக்கொள்கிறார். நம் தோட்டத்தில் எடுத்த போர்ப் படத்தில் நம் முகம் ஒன்றுகூட இல்லை. போர்க்காலத்தில் ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது, அதைப் பற்றியும் யாருக்கும் கவலை இல்லை. இதற்கு விருது வேறு கொடுத்திருக்கிறார்கள்!

ஜீவாவையே கையோடு கூட்டிக்கொண்டு போய்த் தலைவர் முன்னால் நிறுத்தினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். வெட்கப்பட்டார் என்று நினைக்கிறீர்களா? அடுத்த வாரமே பலகை மாறியது. இப்போது அது 'ஹாலிவுட் டாங்கி'. ஜப்பான் டாங்கிக்கு வந்ததைவிட இரண்டு மடங்குக் கூட்டம் செல்ஃபி எடுக்க வருகிறது. தலைவர் என்னிடமே நன்றி சொன்னார். எனக்கு எங்காவது போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

பார்வதி அக்காவிடம் போய்த் தலைகுனிந்து விஷயத்தைச் சொன்னேன். டாங்கியை அகற்ற முடியவில்லை, கல்லுக்கு இடமும் வாங்க முடியவில்லை. அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அப்ப அது ஜப்பான்காரனோடது இல்ல?"

"இல்லக்கா. கெமாஸ்ல நம்ம பசங்க செஞ்சது."

"நல்லதாப் போச்சு," என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா ஒரு டின் வெள்ளைப் பெயிண்டும் பிரஷ்ஷுமாகக் கோயிலுக்கு வந்தார். டாங்கியின் பக்கவாட்டில், மேலே இருந்து கீழே, சயாமுக்குப் போனவர்களின் பெயர்களை எழுதத் தொடங்கினார். யாரோ தலைவருக்குப் போன் போட்டுவிட்டார்கள். மனிதர் தின்னர் டின்னும் துணியுமாக ஓடி வந்தார். எந்த வேலைக்கும் இவ்வளவு வேகமாக அவர் வந்து நான் பார்த்ததில்லை.

துணியை நனைத்துக்கொண்டு முதல் பெயரில் கை வைக்கப்போனவர், அப்படியே நின்றுவிட்டார். அது அவருடைய தாத்தாவின் பெயர்.

அவர் வீட்டில் தாத்தா இந்தியாவுக்கே திரும்பிப் போய்விட்டார் என்று சொல்லி வளர்த்திருக்கிறார்கள். பொண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டு ஓடியவர் என்று மூன்று தலைமுறையாகத் திட்டி வேறு இருக்கிறார்கள்.

அக்கா பிரஷ்ஷை நிறுத்தவில்லை. "ஓடிப்போகல மாணிக்கம். எங்க தாத்தாவும் அவரும் ஒரே லாரியிலதான் ஏறுனாங்க. அவருகூட ஏறி, தப்பிச்சு வந்தவரு ஒருத்தரு எங்கிட்ட சொன்னாரு. பேரச் சொல்ல வந்தப்பல்லாம் தீட்டுன்னு நீ கேக்கவே இல்ல. அழிக்கிறதுன்னா அழிச்சுக்க," என்றார்.

தலைவர் தின்னர் டின்னை மூடினார். தீட்டு என்கிற வார்த்தை அன்றைக்கு அவர் வாயில் வரவில்லை. அவர்மேல் எனக்கு இரக்கம் வந்ததை மறைக்கப்போவதில்லை. அது ஒரு வாரம்தான் தாங்கியது.

ஏனென்றால் மனிதர் டாங்கி பக்கத்தில் செல்ஃபிக்கு நிற்க ஆரம்பித்துவிட்டார். வருகிற பிரமுகர்களை எல்லாம் பெயர் இல்லாத பக்கமாகக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்திப் படம் எடுத்துக்கொள்கிறார்.

இதை அக்காவிடம் சொல்லிப் பொருமினேன். அவர் நிதானமாகப் பெயிண்ட் டின்னைத் திறந்துகொண்டே சொன்னார்:

"நிக்கட்டும் தம்பி. பக்கத்துத் தோட்டத்துல போனவங்க பேரு இன்னும் எழுதல. அந்தப் பக்கந்தான் எழுதப்போறேன்."