சென்னப்பன் கொடுத்த கரிப்பொடி

சாப்பிட உட்காரும்போது சென்னப்பன் வலக்கை விரல்களை ஒவ்வொன்றாக மூக்கருகே கொண்டுபோவார். கட்டைவிரலில் தொடங்கிச் சுண்டுவிரல் வரை. பட்டறை வாடை மிச்சமிருந்தால் எழுந்துபோய் மறுபடி சோப்புப் போடுவார். அதற்குள் சோறு ஆறிவிடும்.

“நீங்க நாயாப் பொறந்திருக்கோணும்,” என்பார் அவர் மனைவி சித்தம்மா.

ஹனூர்ப் பக்கத்திலிருந்து மைசூருக்கு வந்தவர்கள். சைக்கிள் கைப்பிடி, ஸ்கூட்டர் பம்பருக்கெல்லாம் குரோமியம் முலாம் பூசும் பட்டறையில் அவருக்கு வேலை. எங்கள் வீடும் அவர்கள் வீடும் ஒரே முற்றத்தைப் பார்த்தவை.

தொண்ணூற்றாறில், பட்டறைத் தண்ணீர் மஞ்சளாகச் சாக்கடையில் ஓடுகிறது என்று புகார் போனது. முதலாளி ஒரு கல்லூரி ஆசிரியரை அழைத்துவந்தார். நிலக்கடலைத் தோட்டைக் கரியாக்கி, அமிலத்தில் பக்குவப்படுத்தி, பீப்பாயில் நிரப்பினார்கள். மேலே மஞ்சளாக ஊற்றிய தண்ணீர் கீழே தெளிந்து இறங்கியது. அதைச் சொல்லும்போதெல்லாம் சென்னப்பனின் கையும் மேலிருந்து கீழே இறங்கும்.

கரியின் பிடிப்பு ஓய்ந்ததும் மாற்றுவார்கள். பழையது மூட்டையாக மூலையில் கிடந்தது. அழுக்குத் தண்ணீரையே சுத்தமாக்கிய கரி கெட்டதாகவா இருக்கும்? காயவைத்துப் பொடித்து, பாத்திரம் துலக்க முற்றத்தில் எல்லா வீட்டுக்கும் கொடுத்தார். அதுவரை அவரிடம் பேசாத வீடுகள்கூடச் “சென்னப்பா” என்று கூப்பிடத் தொடங்கின.

மூட்டையை எடுத்துப்போக ஆசிரியர் வந்த அன்று, சென்னப்பன் வேலையைப் பாதியில் விட்டு வீட்டுக்கு வந்தார்.

“தண்ணியில இருந்த வெசமெல்லாம் கரிக்குள்ளதான் கெடக்குதாம் புள்ள.”

“தெனம் கைய மோந்தீங்களே, இத மோந்து பாத்தீங்களா?”

“வாடையே இல்லியே.”

காலிச் சாக்கோடு வீடுவீடாக ஏறினார். பாத்திரத்தைக் கழுவிவிடலாம். கரியில் பல் விளக்குகிறவர்களும் முற்றத்தில் உண்டு. அதுதான் அவரைக் குடைந்தது. கடைசியாகக் கொள்ளேகால் கௌரம்மா வீடு. இடுப்பில் பேரன்.

“குடுத்ததத் திருப்பிக் கேக்கறியே, யாரு மேலப்பா புது ஆசை?”

“அதுல வெசமிருக்குதுங்கக்கா. தெரியாமக் குடுத்துப்போட்டேன். பல்லு வெளக்குனீங்களா?”

கௌரம்மா சிரித்துவிட்டார். “இருக்கறதே நாலு பல்லு, அதுக்கு உன் கரி வேறயா? பாத்திரத்துக்குத்தான்பா. மொதல்ல போய் ஒரு வாய் சோறு ஊட்டா பண்ணு, மூஞ்சியப் பாரு.”

அவர் நீட்டிய டப்பாவில் பாதிதான் இருந்தது. அதையும் சாக்கில் கொட்டிக்கொண்டு சென்னப்பன் படியிறங்கினார். முகத்தைத் துடைக்க ஒரு கை காலியாக இல்லை.

அதன்பிறகும் அவர் தேறவில்லை. கௌரம்மாவின் பேரன் இருமினால் முற்றத்தில் வந்து நிற்பார். “யாரும் பல்லு வெளக்கலைன்னுதான் சொன்னாங்க தம்பி,” என்பார் என்னிடம், நான் எதுவும் கேட்காமலே. சரிதான் என்று தலையாட்டுவேன். அவர் நகரமாட்டார்.

அவர்கள் ஹனூருக்கே திரும்பிப் போன பிறகுதான் கௌரம்மாவின் மருமகள் ரூபா சொன்னாள்: அத்தை தினமும் காலையில் அந்தக் கரியில் உப்புக் கலந்துதான் பல் விளக்கினார், பேரனுக்கும் தன் விரலால் தேய்த்துவிட்டார்.