எலிக்குக் கண் வைத்த கதை

"அக்கா, எலிக்குக் கண்ணு எங்க?"

ஜாலான் புசாரில் நான் வேலை பார்க்கும் தூண்டில் கடையில் முரளி கேட்ட கேள்வி இது. அவர் நியூசிலாந்துக்கு ட்ரவுட் மீன் பிடிக்கப் போகிறவர். அங்கே எலிகள் ஆற்றை நீந்திக் கடக்குமாம், பெரிய ட்ரவுட் மேலே வந்து விழுங்குமாம். அதற்காக எலி ஃப்ளை வேண்டும் என்றார். ஃப்ளை என்பது தூண்டில் முள்ளில் முடியை நூலால் கட்டிச் செய்யும் போலி இரை.

ஜூரோங் ஃபேக்டரியில் மைக்ரோஸ்கோப்பில் பார்த்து ஒயர் பற்றவைத்த கை என்னுடையது. ஃபேக்டரி மூடியபின் இந்தக் கடையில் ஃப்ளை கட்டும் மேசைக்கு வந்தேன். மான்முடியைக் கற்றை கற்றையாக முள்ளில் இறுக்கி, வயிற்றைத் தட்டையாகக் கத்தரித்து, தோலில் ஒரு வால் வைத்தால் எலி தயார். மான்முடி உள்ளே வெற்றுக் குழாய் போல இருப்பதால் மிதக்கும். அப்படித்தான் கட்டிக் கொடுத்தேன்.

"என்னக்கா, பாத்திரம் தேய்க்கிற பிரஷ் மாதிரி இருக்கு லா. கண்ணு, காதெல்லாம் வைங்க."

மீன் கீழேயிருந்து வயிற்றைத்தான் பார்க்கும் என்றேன்.

"நீங்க ட்ரவுட் பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லைதான். முதலாளி கருணா வேறு பக்கத்தில் நின்றார். "சாந்தா, இந்த ஆர்டர் திரும்பி வந்துச்சுன்னா மேசைய எடுத்துட்டு இறால் தூண்டில் ரேக் போட்டுருவேன்." காசு கட்டி இறால் பிடிக்கும் குளத்துக்குப் போகிற கூட்டம்தான் இப்போது கடைக்கு வருகிறது. அவரைக் குறை சொல்ல முடியாது.

மணியில் கண், தோலில் காது ஒட்டினேன். அடுத்த வாரம் மீசை கேட்டார். அதற்குப் பிறகு மூக்கு, அதுவும் ரோஸ் கலரில். பேசின் தண்ணீரில் போட்டால், மேலே பாரம் கூடி எலி மல்லாந்து படுத்தது. "பரவால்லக்கா, சூப்பரா இருக்கு," என்று போட்டோ எடுத்துக்கொண்டு டப்பாவோடு போய்விட்டார். மீன் வராவிட்டால் பழி என் தலையில், மேசையும் போச்சு.

பயணத்துக்கு முதல்நாள் முரளி ஓடி வந்தார். பின்னாலேயே அவர் மனைவி வசந்தி. பெட்டி அடுக்கும்போது டப்பாவைத் திறந்து பார்த்திருக்கிறார்.

"பிள்ளையார் வாகனத்து வயித்துல முள்ளக் குத்தி வச்சிருக்கீங்களே, நல்லா இருக்குமா? ஏறப்போறது ப்ளேன்! எலிய எடுத்துக்கிட்டு நீங்க வீட்டு வாசல் தாண்ட முடியாது."

"அக்கா, எலின்னு தெரியாம பண்ணிடுங்க, ப்ளீஸ்," என்று முரளி கெஞ்சினார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கத்தரியை எடுத்தேன். மீசை, மூக்கு, காது, கண் எல்லாம் போயிற்று. வாலை மட்டும் விடச் சொல்லி மன்றாடினேன். வசந்தி திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது புழு மாதிரிதான் இருக்கு, இருக்கட்டும்." கடைசியில் மிஞ்சியது முதன்முதலில் கட்டிய அதே பிரஷ். பேசினில் போட்டேன். நிமிர்ந்து மிதந்தது.

அந்த வாரம் முழுக்கக் கடை போன் அடித்தாலே எனக்குத் திக்கென்றது. பிறகு ஒரு படம் வந்தது. முரளி கையில் முழங்கை நீள ட்ரவுட், அதன் வாயோரம் என் பிரஷ். கூடவே குரல் பதிவு: "அக்கா, வசந்திக்குத் தெரியாத எலி மீனுக்குத் தெரிஞ்சிருச்சு!" கருணா அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் கல்லாவுக்கு மேல் ஒட்டினார். மேசை பிழைத்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கண் கேட்கிறவரிடம் வாதாடாதீர்கள். கட்டுவதை இறுக்கமாகக் கட்டுங்கள், ஒட்டுவதை லேசாக ஒட்டுங்கள்.

நேற்று முரளி மறுபடியும் வந்தார். "அடுத்த ட்ரிப்புக்கு மீசை மட்டும் வைக்கலாமாக்கா?"

வைத்துக் கொடுத்தேன், பசையைக் கொஞ்சமாகத் தொட்டு.