கத்தி கையில் இருக்கும்போது

கழுத்தில் துணியைக் கட்டி, முகத்தில் நுரையைப் பூசியதும் முடிதிருத்துபவர் வாயை மூடிக்கொள்வார். அரசியல் பேசமாட்டார், சினிமா பேசமாட்டார். ஆண்டவரைப் பற்றி மூச்சுகூட விடமாட்டார். "கத்தி என் கையில, கழுத்து அவங்களோடது. அப்பப் போய் சாமியைப் பத்திப் பேசினா அது சுவிசேஷம் இல்லீங்க, மிரட்டல்!" என்பது அவர் கட்சி.

சபையில் இதனால் அவருக்குக் கொஞ்சம் கெட்ட பெயர். ஆளாளுக்கு யாரையாவது சபைக்கு அழைத்துவந்த கதையைச் சாட்சியாகச் சொல்ல, இவர் பதினோரு வருஷமாகப் பின் பெஞ்சில் நகத்தைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார். மனைவி சும்மா விடுவாரா? "பக்கத்துக் கடைக்காரரையாவது ஒரு தடவை கூப்பிடக் கூடாதா? வாயில என்ன பூட்டா போட்டிருக்கு?"

பக்கத்துக் கடைக்காரர் ஃபேன் ரிப்பேர் செய்பவர். கடவுள் என்றாலே சிரிப்பார். இவருக்குப் 'பாதர்' என்று பெயர் வைத்ததும் அவரே. "எங்க சபையில பாதர் இல்லண்ணே, பாஸ்டர்" என்று திருத்திப் பார்த்து இவருக்கு அலுத்துவிட்டது.

"என்ன பாதர், எனக்கு ஜெபம் பண்றியா இல்லையா? மூட்டுவலி அப்படியே இருக்கே!"

"பண்ணிட்டுத்தாண்ணே இருக்கேன். ஏன் போகலன்னு நானும் அவரைத்தான் கேக்குறேன்."

அதோடு சரி. மூட்டு படுத்தும் நாட்களில் அவருடைய கடை ஷட்டரைத் தூக்கிவிடுவதும், ஏணியில் ஏறி ஃபேனைக் கழற்றித் தருவதும் இவர்தான். மதியம் இருவரும் ஒரே ஸ்டூலில் டப்பாவை வைத்துச் சாப்பிடுகிறார்கள். இவர் ஜெபத்துக்குக் கண்ணை மூடும் அரை நிமிஷமும் அவர் கை வைக்காமல் முணுமுணுத்துக்கொண்டு காத்திருப்பார். "சீக்கிரம் முடிப்பா, ஆறுது!"

போன செவ்வாய்க்கிழமை காலை அவர் ஷேவிங்குக்கு வந்து உட்கார்ந்தார். அவர் மனைவிக்கு மறுநாள் இதய ஆபரேஷன். "பளிச்சுன்னு பண்ணிவிடு. என் மூஞ்சியைப் பாத்து அவ பயந்துறக் கூடாது." ஒரு கன்னம் முடிந்தது. மறு கன்னத்தில் கத்தியை வைக்கப்போனபோது தாடை நடுங்கியது.

"பாதர்..." குரலில் கிண்டல் இல்லை. "அவளுக்காக உன் ஆண்டவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லேன். சத்தமாச் சொல்லு, நானும் கேக்கணும்."

இவர் கத்தியை மடக்கித் தூர வைத்தார். சபையில் கேட்டுப் பழகிய நல்ல தமிழெல்லாம் எங்கேயோ போய்விட்டது. "ஆண்டவரே, அண்ணி பயந்துபோய் இருக்காங்க. அண்ணனும்தான். கூடவே இருங்க." அதற்குமேல் வரவில்லை.

வெள்ளைத் துணிக்கு அடியிலிருந்து கடைக்காரரின் கிரீஸ் படிந்த கை ஒன்று தடவித் தடவி வெளியே வந்து, இவர் மணிக்கட்டை இறுகப் பற்றிக்கொண்டது.