லாங்-ஆனில் நான் நிறுத்திய சேவியர்

மாலை நாலு இருபது, ஜெயிக்க எதிரணிக்குத் தேவை பதினேழு ரன், லாங்-ஆனில் சேவியர். இந்த மூன்றையும் நான் கண்ணால் பார்த்தேன். பழைய கிரிக்கெட் மேட்ச்களைப் பற்றி எழுதும் தொழிலில் கண்ணால் பார்த்தவன்தான் ஆபத்தானவன். பார்க்காத மிச்சத்தையும் அதே தைரியத்தில் எழுதிவிடுவான். இந்த வேலையில் இருக்கும் சக பாவிகளே, கீழே உள்ளவற்றில் ஒன்றாவது உங்களுக்கும் நடந்திருக்கும். நடக்கவில்லை என்றால், இன்னும் யாரும் உங்களுக்குப் போன் செய்யவில்லை என்றுதான் அர்த்தம்.

கொளுத்திய வெயில்

ஹைதராபாத் தினசரி ஒன்றின் விளையாட்டுப் பக்கத்தில் முப்பது வருஷம் இருந்தேன். ஓய்வுக்குப் பிறகு ஒரு தமிழ் இணைய இதழில் செகந்திராபாத் உள்ளூர் மேட்ச்களைப் பற்றித் தொடர் எழுதுகிறேன். மூன்றாம் வாரமே, ஒரு மேட்ச் கொளுத்தும் வெயிலில் தொடங்கியது என்று எழுதினேன். மே மாதம், வேறு எப்படி இருக்கும்?

அமீர்பேட் கோச்சிங் சென்டர் ஒன்றில் கணக்குப் பாடம் எடுக்கும் வாசகர் போன் செய்தார். மரியாதையாகத்தான் கேட்டார். "சார், ஆளுக்கு இருபத்திரண்டு ஓவர்னு நீங்களே ஸ்கோர் போட்டிருக்கீங்க. அம்பது ஓவர் மேட்ச் இருபத்திரண்டா சுருங்கினது வெயிலடிச்சா சார்?"

மூன்று சாட்சி

அடுத்து, முப்பத்தைந்து வருஷத்துக்கு முந்தைய ஒரு ஃபைனல். செகந்திராபாத் சர்ச் அணி ஒன்று கோப்பையைத் தொட்டுவிட்டு இழந்தது. கடைசி ஓவரில் லாங்-ஆனில் நின்ற சேவியர் கேட்ச்சை விட்டார். இந்த முறை மூன்று இடத்தில் சரிபார்த்தேன்: என் பழைய தினசரி, அந்த அணியின் வெள்ளிவிழா மலர், உள்ளூர் கிரிக்கெட் பற்றி ஒருவர் போட்ட சிறு புத்தகம். மூன்றும் ஒத்துப்போயின.

இதழாசிரியர் கலைவாணி கோயம்புத்தூர்க்காரர். கொண்டாப்பூரில் சாஃப்ட்வேர் வேலை பார்த்துக்கொண்டே இதழை நடத்துகிறார். "மூணுலயும் 'சிலை மாதிரி நின்றார்'னு ஒரே வரி வருதுங்களே?" என்றார். தினசரியில் அந்த வரியை எழுதியவன் நான். மற்ற இருவரும் என்னைப் பார்த்து எழுதியிருந்தார்கள். இப்போது அவர்களைப் பார்த்து நான்.

நான் அன்று மைதானத்தில் இருந்தேன் என்று மட்டும் சொன்னேன். எத்தனை மணி வரை என்று சொல்லவில்லை. பெரியவர் பேச்சை நம்பிக் கலைவாணி கட்டுரையைப் போட்டார். போடும்போது சொன்னார்: "எனக்கென்னவோ மூணு சாட்சியாத் தெரியலைங்க சார். ஒரே சாட்சி மூணு சட்டை மாத்திட்டு வந்தாப்ல இருக்குது."

ரயில்வே கேட்

ஃபைனல் அன்று நாலு இருபதுக்கு, மூன்று ஓவர் மிச்சம் இருக்கும்போதே நான் ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டேன். ரயில்வே கேட் மூடிவிட்டால் அரை மணி நேரம் போய்விடும். வெளியூர்ப் பதிப்பு எனக்காகக் காத்திருக்காது. ஆபீஸிலிருந்து மைதானத்துக்குப் போன் போட்டேன். லாங்-ஆனில் கேட்ச் விட்டார்கள், தோற்றாச்சு என்றார் மைதானக் காவலாளி. யார் விட்டது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நான் கிளம்பும்போது அங்கே நின்றவர் சேவியர். அவர் பெயரைப் போட்டேன்.

கட்டுரை வந்த மறுநாள், அந்த அணிக்கு ஸ்கோர் எழுதிய ஜோசப் அண்ணன் என்னை வீட்டுக்கு வரச்சொன்னார். அன்றைய ஸ்கோர்புக்கை மேஜையில் விரித்துவைத்திருந்தார். விட்ட கேட்ச்சுக்கு ஸ்கோர்புக்கில் கட்டம் கிடையாது. ஓவர் போட்டவருக்கு உண்டு. கடைசி ஓவருக்கு நேரே சேவியர் பெயர் இருந்தது. அணியின் பொன்விழா மலருக்கு என் கட்டுரையை எடுத்திருக்கிறார்களாம், மே மாசக் கடைசியில் அச்சுக்குப் போகிறதாம். அதற்குள் திருத்தம் கொடு என்றார். நான் ஏதோ விளக்கம் ஆரம்பித்தேன். "நக்கோ பா, ஒண்ணும் சொல்லாதே. பந்து போட்டவனே ஓடிப்போய் லாங்-ஆன்ல எப்படிப்பா நிப்பான்?"

காணிக்கைத் தட்டு

சேவியர் அல்வாலில் மகள் வீட்டில் இருக்கிறார். டீ கொடுத்தார். கோபப்படுவார் என்று தயாராகப் போயிருந்தேன், அதற்கும் வழியில்லை. சர்ச்சில் காணிக்கைத் தட்டு எடுத்துப்போவது அவர் வேலையாம். "தட்டு கைக்கு வந்ததும் பின்வரிசையில ஒருத்தன், 'பாத்து சேவியர், விட்டுடாதே'ம்பான். முதல்ல நானும் சிரிச்சேன். முப்பத்தஞ்சு வருஷம் சிரிக்க முடியுமா சார்?" மேட்ச் நடந்த வாரமே, விட்டது தான் இல்லை என்று எங்கள் தினசரிக்கு ஒரு கார்டு போட்டிருக்கிறார். அதைப் படித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. படிக்கவில்லை என்று சத்தியம் செய்யவும் முடியாது.

லாங்-ஆனில் நின்றது யார் என்று கேட்டேன். பெயரைச் சொன்னார். நான் நோட்டை எடுத்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அதை எழுதாதீங்க சார். அவன் போய்ச் சேந்துட்டான், அவன் சம்சாரம் எங்க சர்ச்சுக்குத்தான் வருது. நான் விடலைன்னு மட்டும் எழுதுங்க, போதும்."

நாலு வரி

பத்து நிமிஷ வேலை. எனக்கு மூன்று வாரம் ஆனது. முதல் வரைவில் ரயில்வே கேட் வந்தது. இரண்டாவதில் பக்கம் மூடும் நேரம் வந்தது. மூன்றாவதில் அந்தக் காலத்துப் பத்திரிகையாளர்களின் கஷ்டம் ஒன்றரைப் பக்கம் வந்தது. 'நான் பார்க்கவில்லை' என்ற இரண்டு வார்த்தை மட்டும் எதிலும் வரவில்லை. கலைவாணி மூன்றாவது வரைவைப் படித்துவிட்டுக் கூப்பிட்டார். "இதுல சேவியர் சார் எங்கீங்க இருக்காரு? முழுக்க உங்க ஸ்கூட்டர்தானே ஓடுது?"

நாலு வரியாக வெட்டிய திருத்தம் ஜூன் 4 அன்று இதழில் வந்தது.

ஜூன் 21 அன்று சர்ச் வளாகத்தில் பொன்விழா மலர் வெளியானது. பதினேழாம் பக்கத்தில், என் பெயருக்குக் கீழே, சேவியர் மறுபடியும் அந்தக் கேட்ச்சை விட்டிருந்தார்.